கார் ஏசியில் கேஸ் எங்கே போகிறது?

சித்திரை வெயிலில் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் பழைய காரின் ஏசி வெறும் காற்றை ஊத ஆரம்பித்தால், கேட்காமலே ஆலோசனை வந்து சேரும். முதல் ஆலோசனை: "கேஸ் தீர்ந்திருக்கும், ஏத்திக்குங்க." இரண்டாவது, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு: "அதுக்கு எதுக்குக் கடை? வீட்டு சிலிண்டர் கேஸையே ஏத்தலாம், ஜில்லுன்னு இருக்கும்." முதலாவதில் பாதி தப்பு. இரண்டாவதில் 'ஜில்லுன்னு இருக்கும்' என்பது மட்டும் உண்மை, அதனால்தான் அந்த யோசனை இன்னும் சாகாமல் இருக்கிறது. இரண்டையும் புரிந்துகொள்ள, ஏசிக்குள் கேஸ் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. கார் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். வயலில் பம்புசெட் தண்ணீரை உண்டாக்குவதில்லை. பள்ளத்தில் கிடப்பதை மேட்டுக்கு ஏற்றுகிறது. வெப்பமும் தானாக சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் ஓடும். எதிர்த்திசையில் ஏற்ற வேண்டுமென்றால் ஒரு பம்பு வேண்டும். அந்தப் பம்புதான் கம்ப்ரஸர். வெப்பத்தைச் சுமந்து போவது கேஸ்.

சுமப்பது எப்படி என்பதை நம் ஊர்க் கல்யாண சமையல் கொட்டகையிலேயே பார்க்கலாம். பெரிய அடுப்பு முழு வேகத்தில் எரியும்போது சிலிண்டரின் அடிப்பக்கம் வியர்த்து, சில சமயம் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். கேஸ் வேகமாக வரவில்லை என்று சமையல்காரர் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைப்பார். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாக வேண்டுமென்றால் வெப்பம் வேண்டும். அதைத் தன்னிடமிருந்தும் சிலிண்டர் இரும்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது. கார் ஏசியில் நடப்பதும் அச்சு அசலாக இதுதான். ஒரே வித்தியாசம், சமையலில் அந்த ஆவி எரிந்து போய்விடுகிறது. காரில் அதைப் பிடித்து, அழுத்தி, மறுபடி திரவமாக்கி, திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறோம்.

சுற்று இப்படிப் போகிறது. டேஷ்போர்டுக்குள் ஒரு கூலிங் காயில் இருக்கிறது. அதற்குள் திரவக் கேஸ் குறைந்த அழுத்தத்தில் ஆவியாகும்போது காயில் சில்லிடும். புளோயர் அதன் மேல் காற்றை அடித்து நம் முகத்துக்கு அனுப்பும். ஆவியான கேஸை கம்ப்ரஸர் இழுத்து அழுத்துகிறது. அழுத்தியதும் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகிவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்ஸரில் அந்தச் சூடு வெளிக் காற்றுக்குப் போய், கேஸ் மறுபடி திரவமாகிறது. வழியில் டிரையர் என்கிற சின்ன உருளை ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியாக எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற ஊசித் துளை வழியாகத் திரவம் பீய்ச்சி மறுபடி காயிலுக்குள் போகிறது.

இந்தச் சுற்றில் கேஸ் எரிகிறதா, தேய்கிறதா, செலவாகிறதா? எதுவும் இல்லை. பெட்ரோல் தீரும்; ஏசி கேஸ் தீராது. ஆகவே கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். வீட்டு ஃப்ரிட்ஜ் இருபது வருடம் ஓடியும் பலருக்குக் கேஸ் ஏற்ற வேண்டி வராது, ஏனென்றால் அதன் கம்ப்ரஸரும் மோட்டாரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைத்துப் பற்றவைக்கப்பட்டவை. கார் கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட் சுற்றுகிறது. அதனால் சுழலும் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அந்த இடத்தில் ஒரு ரப்பர் சீல் மட்டுமே காவல். எஞ்சின் ஆடுவதால் இரும்புக் குழாய்க்குப் பதில் ரப்பர் ஹோஸ். இணைப்புக்கு இணைப்பு ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். பழைய வண்டியில் இவற்றின் வழியாக வருடத்துக்குக் கொஞ்சம் கசிவது இயல்பு. ஆனால் போன கோடையில் ஏற்றியது இந்தக் கோடைக்கு முன்பே காலி என்றால் அது இயல்பல்ல.

டெல்டாவில் இந்த ஓட்டைகளுக்குச் சில உள்ளூர்க் காரணங்களும் உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் பக்கம் உப்புக்காற்று அலுமினியக் கண்டன்ஸரை மெதுவாக அரிக்கும். அறுவடை நேரத்தில் சாலையில் நெல் காயும் ஊர்களில் தூசியும் வைக்கோல் துணுக்கும் கண்டன்ஸர் இடுக்குகளில் அடைந்து, மழையில் ஊறி, அங்கேயே கிடக்கும். ஈரம் காயாத இடத்தில் அரிப்பும் வேகம். வயலோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எலியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அது ஹோஸைக் கடிப்பதைவிட, கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட்டோடு இணைக்கும் மின்சாரக் கிளட்சின் வயரைக் கடித்துவிட்டுப் போவதே அதிகம். பார்க்கிறவர் அதையும் 'கேஸ் இல்லை' கணக்கில் சேர்த்துவிடுவார்.

சரி, எந்தக் கேஸ்? பழைய அம்பாசடர், பத்மினி காலத்து ஏசிகளில் இருந்தது ஆர்-12. பூஜ்ஜியத்துக்குக் கீழே சுமார் 30 டிகிரியில் கொதிப்பது, எரியாது, நஞ்சும் குறைவு. ஆனால் அதிலுள்ள குளோரின் மேலே போய் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974-ல் எழுதினார்கள். 1987-ல் ஓசோனைக் காக்க மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 2010-லிருந்து இந்தியாவிலும் அந்த வகைக் கேஸ்களுக்கு வழக்கமான பயன்பாட்டில் இடமில்லை. அதன் இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. கொதிநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 26 டிகிரி. ஓசோனைத் தொடாது, ஆனால் புவி வெப்பமாவதில் ஒரு கிலோ ஆர்-134ஏ ஆயிரம் கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமம். அதனால் இதையும் உலகம் படிப்படியாகக் குறைத்து வருகிறது. இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது இதுதான். பானட்டைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்ற எடையும் இருக்கும். சின்னக் கார்களில் அது அரைக் கிலோவுக்கு முன்னப்பின்ன. அந்த ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இப்போது சிலிண்டர் கேஸ்.

எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் பூஜ்ஜியத்துக்குக் கீழே 42 டிகிரியில் கொதிக்கும். ஒரு கிலோ ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பம் ஆர்-134ஏ-வைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக, குளிரும் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் ஓடுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். "ஃப்ரிட்ஜில் போடலாம், காரில் கூடாதா?" என்ற கேள்வி நியாயமானது, பதிலும் நேரானது. ஃப்ரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம். கூடு மூடியது, அசையாதது, ஆரம்பத்திலிருந்தே எரியும் கேஸுக்கென்று வடிவமைத்தது. காரில் இருப்பது கசிந்தே தீரும் என்று இப்போதுதான் பார்த்த அமைப்பு. அதில் ஒரு பகுதி, கூலிங் காயில், ஆள் உட்காரும் இடத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சிறிய காரின் உள்ளே இருக்கும் காற்று சுமார் இரண்டரை கன மீட்டர், அதாவது 2,500 லிட்டர். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு எல்பிஜி சேர்ந்தால் ஒரு பொறிக்குத் தீப்பிடிக்கும் நிலை வந்துவிடும். 2,500 லிட்டரில் நூற்றுக்கு இரண்டு என்றால் 50 லிட்டர் ஆவி. எடையில் சொன்னால் சுமார் 100 கிராம். ஏசி முழுவதையும் நிரப்பத் தேவைப்படுவதில் ஏறக்குறைய பாதி கசிந்தாலே போதும். அதுவும் காற்றைவிட கனமான கேஸ் என்பதால் காலடியில் தேங்கும். எல்லா இடத்திலும் சமமாகப் பரவும்வரை காத்திருக்காது. பொறிக்குத் தனியாக எங்கும் போக வேண்டாம். புளோயர் மோட்டார், ரிலே, சிகரெட் லைட்டர் எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன.

இதில் பலரும் யோசிக்காத ஒன்று: ஏசி ஓடும்போதைவிட வண்டி நிற்கும்போதுதான் காயிலில் அழுத்தம் அதிகம். ஓடும்போது ஆர்-134ஏ-வில் காயில் பக்கம் 30 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கும் அதே அழுத்த அலகு) சுமாருக்கு இருக்கும். நிறுத்திய கொஞ்ச நேரத்தில் இரு பக்கமும் சமமாகி, 30 டிகிரி வெப்பத்தில் 95 பிஎஸ்ஐயைத் தாண்டும். எல்பிஜியிலும் போக்கு இதேதான். வேளாங்கண்ணியில் வெயிலில் கண்ணாடி ஏற்றி மத்தியானம் முழுக்க நிற்கும் கார், காயிலில் ஊசி ஓட்டை. திரும்பி வந்து கதவைத் திறந்து சாவி போடுகிற நேரம்தான் மோசமான நேரம். "வாசனை வருமே, தெரிந்துவிடுமே" என்பார்கள். வரும். ஆனால் அந்த வாசனையை முதலில் உணர்வது மூக்கா, கையிலிருக்கும் தீப்பெட்டியா என்பதில் பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

தீயை ஒதுக்கிவைத்தாலும் சிலிண்டர் கேஸ் ஒரு மட்டமான ஏசி கேஸ். அதில் புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு என்பது லோடுக்கு லோடு மாறும். அடுப்புக்கு அது பொருட்டில்லை, ஏசிக்கு அதுதான் எல்லாம். புரொப்பேன் கூடினால் கண்டன்ஸர் பக்கம் அழுத்தம் எகிறி, பழைய ஹோஸ் வாயைப் பிளக்கும். பியூட்டேன் கூடினால் நேர்மாறு: பூஜ்ஜியம் டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் வெளிக் காற்றழுத்தத்தை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், காயில் பக்கம் அழுத்தம் வெளிக் காற்றைவிடக் குறைந்து வேக்கம் ஆகி, தேய்ந்த சீல் வழியாக வெளிக் காற்றை உள்ளே இழுக்கும். எரியும் கேஸும் காற்றும் சேர்ந்து சூடான கம்ப்ரஸருக்குள் போவது யாருக்கும் வேண்டாத விருந்து. போதாக்குறைக்கு, மணத்துக்காகச் சேர்க்கும் கந்தகச் சேர்மமும் ஈரமும் அதிலேயே இருக்கின்றன.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஆர்-12 இருந்த பழைய கார்களில் எரியும் கேஸை மாற்றாக நிரப்புவதை அனுமதிப்பதில்லை. நம் நாட்டில் வீட்டுச் சமையல் சிலிண்டரை வேறு காரியத்துக்குத் திருப்புவதே எல்பிஜி விநியோக ஆணைக்கு விரோதம். விபத்து என்று வந்தால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

எல்பிஜி வேண்டாம், வீட்டு ஏசிக்கு வாங்கியதில் மிஞ்சிய ஆர்-22 இருக்கிறதே என்று கேட்பவரும் உண்டு. அது தீப்பிடிக்காது என்பது சரி. ஆனால் கண்டன்ஸர் 55 டிகிரிக்குச் சூடாகும்போது ஆர்-134ஏ சுமார் 200 பிஎஸ்ஐ காட்டுகிற இடத்தில் ஆர்-22 300 பிஎஸ்ஐ காட்டும். கார் ஹோஸும் கம்ப்ரஸரும் அதற்காகச் செய்ததல்ல. மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத ஆர்-134ஏ டப்பாவும் நம்பத் தக்கதல்ல. போலிக் கேஸில் மீதைல் குளோரைடு கலந்து, அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருளை உண்டாக்கியதால் 2011-ல் கப்பல்களின் குளிர்பதனக் கண்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

அளவு எப்படித் தெரியும்?

வீட்டிலேயே ஏற்றுகிறவர்கள் விழும் குழி இது. அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, முள் ஏறும்வரை விட்டால் போதும் என்று நினைப்பார்கள். மூடிய பாத்திரத்துக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை, அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. வீட்டு சிலிண்டர் நிறைந்திருந்தாலும் கடைசி இரண்டு கிலோவில் இருந்தாலும் கேஜ் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். அதனால்தான் நாம் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோம். நிற்கும் காரின் ஏசியும் அப்படியே. ஓடும்போது காட்டும் எண்களோ வெளி வெயில், எஞ்சின் வேகம், புளோயர் வேகம் எல்லாவற்றுக்கும் ஆடும். ஆகவே உறுதியான வழி ஒன்றுதான்: இருப்பதை எல்லாம் மெஷினில் திரும்ப எடுத்துவிட்டு, ஸ்டிக்கரில் உள்ள எடையைத் தராசு வைத்து ஏற்றுவது.

கூடுதலாக ஏற்றினால் கூடுதலாகக் குளிரும் என்பதும் இல்லை. அதிகமான திரவம் கண்டன்ஸரில் தேங்கி, வெப்பம் வெளியேறும் பரப்பைக் குறைத்துவிடும்; அழுத்தம் ஏறும், குளிர் இறங்கும். திரவம் அப்படியே கம்ப்ரஸருக்குள் வந்தால் இன்னும் மோசம். கம்ப்ரஸர் ஆவியை அழுத்தச் செய்தது. திரவம் அழுங்காது, வால்வுத் தகடு முறியும். குறைவாக இருப்பதும் கம்ப்ரஸருக்கு நல்லதல்ல. அதன் உள்ளே தேய்மானத்தைத் தடுக்கும் ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் ஆயில் திரும்பி வராது. அந்த நிலையில் கம்ப்ரஸர் ஓடாதபடி தடுக்கத்தான் பிரஷர் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ஏசி ஓடவில்லை என்று அந்தச் சுவிட்சை வயரால் நேரடியாக இணைத்து ஓட்டிக் காட்டும் கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேஸ் ஏற்றும் செலவில் முடிந்திருக்க வேண்டியதைக் கம்ப்ரஸர் மாற்றும் செலவுக்குக் கொண்டுபோகும் குறுக்குவழி அது.

வேக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. குழாயைத் திறந்து வேலை பார்த்தால் உள்ளே காற்று புகும், காற்றோடு ஈரமும் புகும். நம் டெல்டாக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளையில் பனிக்கட்டியாகி அடைக்கும். ஏசி பத்து நிமிடம் குளிர்ந்து, நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குளிரும். ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கவும் செய்யும். இதைப் போக்க வேக்கம் பம்பை மாட்டி அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமென்றால் அழுத்தம் வெளிக் காற்றழுத்தத்தில் சுமார் 25-ல் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். அந்த அளவுக்கு இழுத்தால்தான் ஈரம் ஆவியாகி வெளியே வரும். பிறகு பம்பை நிறுத்திவிட்டுக் கேஜ் முள் அசைகிறதா என்று பார்ப்பார்கள். முள் மெல்ல ஏறினால் ஓட்டை இன்னும் இருக்கிறது. இந்த இரண்டையும் செய்யாமல் ஐந்தே நிமிடத்தில் கேஸ் ஏற்றிக்கொடுக்கும் கடையை நான் தவிர்ப்பேன், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. இவற்றில் கேஸைத் தொடும் வேலை எதுவும் இல்லை. ஏசி போட்டதும் பானட்டுக்குள் 'டிக்' என்று கிளட்ச் ஒட்டும் சத்தம் வருகிறதா? வராவிட்டால் முதலில் ஃபியூஸும் வயரும். கண்டன்ஸர் ஃபேன் சுற்றுகிறதா? ஓடும்போது குளிர்ந்து, திருவாரூர்த் தேர்க் கூட்டத்தில் நின்றதும் குளிர் போய்விடுகிறது என்றால் சந்தேகம் ஃபேன் மேலும் அடைந்த கண்டன்ஸர் மேலும்தான். கண்டன்ஸரைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில், தகடு மடங்காதபடி, மெதுவாகக் கழுவலாம். கேபின் ஃபில்டர் புழுதியால் மூடியிருந்தால் காற்றே வராது. இணைப்புகளில் எங்காவது எண்ணெய்ப் பிசுக்கோடு அழுக்கு ஒட்டியிருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம், ஏனென்றால் கேஸோடு ஆயிலும் வந்திருக்கிறது. சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். காலடிப் பாயில் தண்ணீர் சொட்டுவதைக் கேஸ் கசிவு என்று நினைக்க வேண்டாம். அது காயிலில் படிந்த காற்றின் ஈரம், வடிகுழாய் அடைத்திருக்கிறது, அவ்வளவே.

ஐப்பசி மழை நாளில் நாகப்பட்டினத்தில் ஏசி 'டல்'லாக இருப்பதற்கும் கேஸ் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஈரக் காற்றிலுள்ள ஒரு லிட்டர் நீரைப் பிரித்தெடுக்க ஏசி சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். அதே உழைப்பில் 100 கிலோவுக்கு மேல் உலர்ந்த காற்றை 20 டிகிரி குளிர வைத்திருக்கலாம். வெளிக் காற்றை அடைத்து, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனைப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

உண்மையிலேயே ஆர்-12 காலத்து வண்டி வைத்திருப்பவருக்கு நேர்வழி, ஆர்-134ஏ-வுக்கு முறையாக மாற்றுவது. பழைய மினரல் ஆயில் ஆர்-134ஏ-வோடு கலக்காது, எனவே அதை வடித்து எஸ்டர் ஆயில் விட வேண்டும். டிரையரும் ஓ-ரிங்குகளும் புதிதாக வேண்டும். ஆர்-12 இருந்த எடையில் 80 முதல் 90 சதவீதம் மட்டும் ஏற்றுவார்கள். குளிர் பழையபடி முழுசாக வராது, கொஞ்சம் குறையும். கண்டன்ஸரைப் பெரிதாக்கினால் ஈடுகட்டலாம்.

கடைசியாக, பழைய கார் வாங்கியவர்களுக்கு. முந்தைய சொந்தக்காரர் எல்பிஜி ஏற்றியிருக்கிறார் என்று தெரிந்தாலோ, ஏசி போட்டதும் அடுப்பங்கரை வாசனை வந்தாலோ, ஏசியையும் புளோயரையும் தொடாதீர்கள். சாவி போடுமுன் எல்லாக் கதவையும் திறந்து காற்றாட விடுங்கள். மூடிய ஷெட்டில் நிறுத்த வேண்டாம். கடைக்குக் கொண்டுபோனதும் மெக்கானிக்கிடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் வழக்கம்போல மெஷினை மாட்டி, அதிலுள்ள நல்ல ஆர்-134ஏ-வையும் கெடுத்துக்கொள்வார். அல்லது கண்டன்ஸரில் ஓட்டை அடைக்கிறேன் என்று கேஸ் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைப்பார். திறந்தவெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல், அந்தக் கேஸை முழுக்க வெளியேற்றி, நைட்ரஜன் விட்டுத் துடைத்தெடுத்த பிறகுதான் அந்த வண்டியில் மற்ற வேலை.